அக்காவின் வேன் அண்ணாந்து பார்த்தபோது

ஊருக்கெல்லாம் ஜாக்கிரதை சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஆளைச் சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் கூப்பிடவே கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து, அந்தச் சான்றிதழின் லேமினேஷன் சூடுகூட ஆறாத நேரம். கம்பெனி ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு விசிலும் கொடுத்திருந்தது. உலகத்தைக் காப்பாற்ற வேறென்ன வேண்டும்? ஹெல்மெட்டைக் கழற்ற மனமில்லாமல் ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். (மழை என்று வீட்டில் சொன்னேன். மழை வரவில்லை.)

திங்கட்கிழமை காலையில் லோடுமேன்களுக்கு நான் வகுப்பெடுப்பேன். கனமான பொருளை எப்படித் தூக்குவது, எப்படி இறக்குவது, முதுகை எப்படி நிமிர்த்துவது, முழங்காலை எப்படி மடக்குவது. செய்து காட்டுவதற்கு ஒரு காலி அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். முதல் வரிசையில் காதர் பாய் உட்கார்ந்திருப்பார். வண்ணாரப்பேட்டைக்காரர், லோடுமேன்களின் மேஸ்திரி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஒரு நாளைக்கு நூறு மூட்டை ஏற்றி இறக்குகிற மனிதர், நான் காலிப் பெட்டியைத் தூக்கிக் காட்டும்போது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நான் என் போதனையின் சக்தி என்று நினைத்திருந்தேன். அவருடைய நல்ல மனசு என்று புரிய ஒரு வேன் தேவைப்பட்டது.

அந்த வேன் என் அக்கா வசந்திக்காக வந்தது.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ராயபுரத்தில் இறால் உரிக்கிற கம்பெனியில் அக்காவுக்கு வேலை. ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்த விரல்கள்தான் என்னைப் படிக்கவைத்தன, சேகருக்குக் கட்டிவைத்தன. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்று சாதாரணமாகச் சொல்லுவாள், ஏதோ ரேஷன் கடைக்குப் போக நேரம் கிடைக்காத மாதிரி.

அக்கா வறுக்கிற மீனுக்கு ஒரு ருசி உண்டு. சங்கராவோ கெளுத்தியோ, அவள் மசாலா தடவிக் கல்லில் போட்டால் பக்கத்துத் தெருவில் விரதம் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் டிபன் பாக்ஸில் கொண்டுபோன இரண்டு துண்டு யார்டில் ஒரு கலவரத்தையே உண்டாக்கியது. கடைசியில் மேனேஜரே கூப்பிட்டு, உங்கள் அக்கா மத்தியானத்தில் ஒரு வண்டியோடு வந்து கேட் பக்கத்தில் சாப்பாடு போட்டால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அக்கா ஒரு வாரம் யோசித்தாள். எட்டாம் நாள் இறால் கம்பெனியில் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். இனித் திரும்பிப் போக முடியாது. வேன் ஓடியே ஆகவேண்டும்.

என் கணவர் சேகர் டிரெய்லர் ஓட்டுநர். ஹார்பரிலிருந்து யார்டுக்குப் பெட்டி இழுக்கிறவர். அவர்தான் மாத்தூரில் ஒரு நர்சரிப் பள்ளியின் பின்பக்கம் முருங்கைமரத்தடியில் நின்றிருந்த பழைய வேனைக் கண்டுபிடித்தார். நீளமான வேன். பின்சக்கரத்துக்குப் பின்னாலும் உடம்பு நிறைய நீண்டிருக்கும். பக்கவாட்டில் ஆப்பிள், ஆடு, வாத்து எல்லாம் வரைந்திருந்தார்கள். முன்பக்கம் ஒரு முயல். மற்றவற்றையெல்லாம் பெயின்ட் அடித்து மூடினோம். முயலை மட்டும் அக்கா விடவில்லை. சிரித்த முகமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

வேனை எப்படி மாற்றுவது என்று திட்டம் போட ஆளே தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே டிப்ளமோ இருந்தது. ஸ்கேல் வைத்து, கலர் பென்சிலில், எட்டுப் பக்கத்துக்கு வரைந்தேன். சீட்டுகளைக் கழற்றிவிட வேண்டும். பின்கதவு இருக்கும் இடத்தில் சாப்பாடு கொடுக்கிற ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு, மீன் வறுக்கிற கல், கிரைண்டர், தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர். அக்கா ஓர் அடிகூட நடக்கக் கூடாது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் காலியாக, காற்றோட்டமாக. வெளியே ஜன்னலுக்குக் கீழே ஆறடி அகலத்துக்கு, வேனோடு பற்றவைத்த ஓர் இரும்புப் படி, வாடிக்கையாளர்கள் ஏறி நின்று வாங்கிக்கொள்ள.

சேகர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லா கனத்தையும் பின்னாடியே கொண்டாந்து வெக்கிறியே மாலதி. சக்கரத்துக்கு மேல வெக்கணும். இல்லாங்காட்டி மூஞ்சி தூக்கிக்கும்."

நான் அவரைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பத்து வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு, பணியிட வடிவமைப்பு என்றால் என்ன, வேலை செய்பவரின் நடை தூரத்தைக் குறைப்பது என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவர் நடுவில் எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தார்.

தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை நடந்தது. மீன் வறுக்கிற கல்லாக வைக்க, பக்கத்திலிருந்த பழைய இரும்புக் கடையில் ஒரு கப்பல் தகடு கிடைத்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓர் அங்குலக் கனம். நூற்றைம்பது கிலோ இருக்கும். அதை வேனில் ஏற்ற காதர் பாயும் ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அக்காவுக்காக வந்தார்கள்.

அவர்களுக்கென்று ஓர் 'ஐலசா' உண்டு. ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஒரே மூச்சில் தூக்குவார்கள். நான் அதை நிறுத்தச் சொன்னேன். அது முறையான சமிக்ஞை இல்லை என்றேன். (அந்தச் சொல்லையேதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை வாசலில்.) விசில் ஊதுவேன், ஒரு விசிலுக்குக் குனிய வேண்டும், இரண்டு விசிலுக்குத் தூக்க வேண்டும். முதல் விசிலுக்கு மூன்று பேர் குனிந்தார்கள், இரண்டு பேர் தூக்கினார்கள், ஒருவர் ரோட்டில் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டார். இரண்டாவது தடவை எல்லாரும் குனிந்தார்கள், ஆனால் சிரிப்பு வந்துவிட்டதால் யாராலும் நிமிர முடியவில்லை. காதர் பாய் என்னிடம் வந்து, பட்டறைக்காரர் டீ சொல்லியிருக்கிறார், நீங்கள் போய்க் குடித்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கல் வேனுக்குள் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

அதைச் சங்கிலி போட்டுக் கட்டலாமா என்று காதர் பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவு கனமுள்ள பொருள் தானாக எங்கே போகும், அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும், மேலும் சங்கிலி போட்டால் பார்க்க ஜெயில் மாதிரி இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

வண்டியைத் திருவொற்றியூருக்கு ஓட்டிக்கொண்டு வந்த சேகர், ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி இருக்கிறது, முன்சக்கரம் ரோட்டில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று கவலையோடு சொன்னார். அதையும் நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நம் வேனுக்குப் பவர் ஸ்டியரிங் மாதிரி வந்துவிட்டது என்று அன்று மாலை அக்காவிடம் பெருமையடித்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள், பாவம்.

திறப்பு நாள் வந்தது. அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை. காலையிலேயே நாற்பது பேருக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்து, மீனுக்கு மசாலா தடவித் தட்டில் அடுக்கிவிட்டாள். நான் ஐந்நூறு லிட்டர் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். தொட்டி பாதி நிரம்பியிருந்தால் போகும்போது தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளும், முழுக்க நிரம்பியிருந்தால் அலையாது. இது டிப்ளமோவில் மூன்று மதிப்பெண் கேள்வி. ஐந்நூறு லிட்டர் தண்ணீர் அரை டன் கனம் என்பது வேறொரு பாடத்தில் இருந்தது.

யார்டு கேட்டுக்கு முன்னால் ரோட்டிலிருந்து ஒரு சரிவு மேலே ஏறும். வேன் முயல்முகத்தைக் கேட் பக்கம் வைத்து, பின்பக்கத்தை ரோட்டுப் பக்கம் வைத்து அந்தச் சரிவில் நின்றது. சேகர் ஹேண்ட் பிரேக் போட்டார். பின்சக்கரங்கள் உருளாதபடி நான் கருங்கல் வைத்தேன். நான் அன்று செய்தவற்றில் சரியான காரியம் அது ஒன்றுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மத்தியானம் பன்னிரண்டரை. கடற்காற்றில் மணல் கொஞ்சம், டீசல் புகை கொஞ்சம். லோடுமேன்கள் முகம் கழுவி, தலை சீவி, வரிசையாக வந்து நின்றார்கள். அக்கா தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினாள். அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தாள். நான்தான் தடுத்தேன். எண்ணெய் தெறித்து ஜன்னல் அழுக்காவதற்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ எடுத்துவிடலாம் என்றேன். யார்டில் பாதுகாப்புப் பலகை ஒன்று இருந்தது. 'பாதுகாப்பான பணியிட உணவு' என்று தலைப்புப் போட்டு அதில் ஒட்டுவதாக எனக்கு எண்ணம்.

அக்கா உள்ளே ஜன்னலில் நின்றாள். ஒன்பது பேரைப் படியில் இரண்டு வரிசையாக ஏறச் சொன்னேன். ரோட்டோரம் நின்று சேகர் செல்போனை நீட்டினார். அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது. இவ்வளவு பேர் ஏறும்போது வண்டி நகர்ந்துவிட்டால்? ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. யாராவது உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது என்றால் வேறு யார்? ஹெல்மெட்டோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலை அழுத்தி மிதித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஏறலாம் என்று விசில் ஊதினேன்.

ஒருவர் ஏறினார், இருவர் ஏறினார். ஆறாவது ஆள் ஏறும்போது வேன் லேசாக முனகியது. எட்டாவது ஆள் ஏறும்போது எனக்கு முன்னால் இருந்த யார்டு கேட் மெதுவாகக் கீழே இறங்கியது. கேட் ஏன் இறங்குகிறது என்று யோசித்தேன். ஒன்பதாவது ஆள் ஏறினார். கேட் காணாமல் போய், கிரேன் காணாமல் போய், கண்ணாடி முழுக்க ஆகாயம்தான் இருந்தது.

பின்னால் டங்கென்று ஒரு சத்தம். வேனின் வால் தரையில் உட்கார்ந்துவிட்டது. பாத்திரங்கள் உருளுகிற சத்தம், அதற்கு மேல் அக்காவின் குரல், "ஐயோ, என் கொழம்பு."

முன்சக்கரங்கள் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்தன என்று பிறகு சொன்னார்கள். என் கணக்கில் முப்பது அடி. மல்லாக்கப் படுத்த மாதிரி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயில் விசிலோடு இருந்தேன். மூச்சு விட்டபோதெல்லாம் அது தானாக ஊதியது.

படியில் நின்றவர்கள் இறங்கப் போனார்கள். அந்த நேரத்தில் காதர் பாயின் குரல் கேட்டது. அதுவரைக்கும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எவனும் நவுராத. நின்ன எடத்துலயே நில்லு. நீ எறங்குனா மேடம் தொப்புனு வந்து வுழும், உள்ள அக்கா கீது."

ஒன்பது பேரும் சிலையானார்கள். அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்து கனத்தைக் குறைக்கட்டுமா என்று உள்ளிருந்து கேட்டாள். அவர் அதுவும் வேண்டாமென்றார். எந்த நொடியில் மூக்கு இறங்கும் என்று சொல்ல முடியாது. முதலில் முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வரட்டும், அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது.

ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஷெட்டில்தான் நின்றது. அதை ஓட்டுகிறவர் எங்கே என்று தேடினார்கள். அவர் படியில், முன்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆளாக, போட்டோவுக்குச் சிரித்த முகத்தை மாற்ற மறந்து நின்றுகொண்டிருந்தார்.

காதர் பாய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். ஆனால் லைசென்ஸ் கிடையாது. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவர் நகர்ந்தபோது ஆகாயத்திலிருந்து ஒரு குரல், லைசென்ஸ் இல்லாதவர் தொடக் கூடாது என்று சொன்னது. அந்த நிலைமையிலும் அதைச் சொன்ன பிறவி நான்தான். சேகர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

காதர் பாய் கோபப்படவில்லை. அவரே மெதுவாகப் படியில் ஏறி அந்த டிரைவருக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கனம் வந்து சேர்ந்த பிறகு டிரைவரை இறக்கி அனுப்பினார். அதன் பிறகு எல்லாரும் காத்திருந்தோம். கால்மணி நேரம் இருக்கும். கேட் அடைபட்டதால் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டின. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். முன்னால் வந்து பார்த்தவர்கள் ஹாரனை மறந்துவிட்டுச் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். எதிர்ப்பக்க டீக்கடையில் கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. மேனேஜர் வந்து என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அது திட்டுவதைவிடக் கொடுமை.

சேகர் ஏணியைக் கொண்டுவந்து கதவோரம் சாத்தினார். நீ மட்டும் முதலில் இறங்கிவிடு என்றார். மாட்டேன் என்றேன். எனக்கு உண்மையாகவே பயம் வந்திருந்தது. நான் காலை எடுத்தால் பிரேக் விட்டுவிடும், வேன் சரிவில் பின்னால் உருண்டு, படியில் இருப்பவர்களோடும் உள்ளே இருக்கும் அக்காவோடும் நேராக ரோட்டுக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். பின்னாலிருந்து அக்கா நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அந்தக் கால்மணி நேரத்தில்தான் எனக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. நான் போட்டோவுக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், அந்தக் கல்லின் மேல் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதேன். மல்லாந்து இருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

ஃபோர்க்லிஃப்ட் வந்தது. முன்பக்கத்துக்கு அடியில் அதன் இரும்புக் கைகளைக் கொடுத்து, மேலே கட்டைகளை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். அக்காவைப் பக்கக் கதவு வழியாக இறக்கினார்கள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். படியில் இருந்தவர்களைக் காதர் பாய் பேர் சொல்லி ஒவ்வொருவராக இறக்கினார், கடைசியில் தானும் இறங்கினார். ஃபோர்க்லிஃப்ட் தாழத் தாழ அங்குலம் அங்குலமாக ஆகாயம் மேலே போனது, கிரேன் வந்தது, கேட் வந்தது, கேட்டுக்கு முன்னால் மொத்த யார்டும் வந்தது. ஃபோர்க்லிஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்கக் கூடாது என்று நானே எழுதி ஒட்டிய போஸ்டர் கேட் சுவரில் இருந்தது. அதற்கு நேர் எதிரே நான் இறக்கப்பட்டேன்.

சேகர் கதவைத் திறந்தார். வா, இறங்கு என்றார். முதலில் அக்கா பத்திரமா என்று பார், நான் பிரேக்கை விடமாட்டேன் என்றேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"மாலதி, அது கிளச்சு."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்போது நானே அதை மறந்திருந்தேன்.

இறங்கியதும் வேனுக்குப் பின்னால் ஓடினேன். அக்கா கல்லின் மேல் கைவைத்து நின்றாள். புதுப் புடவையில் இடுப்பிலிருந்து பாதம் வரை குழம்பு. முழங்கை சிராய்த்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை. அப்போதுதான் கல்லைப் பார்த்தேன். அது ஸ்டாண்டிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நாலு மூலையிலும் சங்கிலி.

திறப்பு நாளன்று காலையில், நான் வருவதற்கு முன்னால், காதர் பாய் வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவுக்குத் தெரியும். ஜெயில் மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதால் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. அந்தச் சங்கிலி இல்லாமல் நூற்றைம்பது கிலோ சரிந்திருந்தால் அது போய் நிற்கிற இடம் ஜன்னல். ஜன்னலுக்கும் கல்லுக்கும் நடுவில் என் அக்காவின் கால்கள் இருந்தன.

நான் காதர் பாயிடம் போய் நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "வுடுங்க மேடம். சோறு நல்லாத்தான் கீது, கொழம்புதான் போச்சு. ஆளுங்க பசியோட நின்னுகினு கீறானுங்க," என்றார்.

அன்று யார்டு கேண்டீனில் கல்லைக் கேட்டு வாங்கி அக்கா மீனை வறுத்தாள். குழம்பில்லாத சோறும் மீனும். நாற்பது பேர் சாப்பிட்டார்கள், டிரெய்லர் வரிசையில் நின்றிருந்த பத்துப் பதினைந்து டிரைவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அப்படி ஓர் அமோகமான திறப்பு விழாவை என் எட்டுப் பக்கத் திட்டம் எழுதியிருக்கவே முடியாது.

அடுத்த ஞாயிறு சேகரும் காதர் பாயும் வேனைப் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். கல் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வந்தது. பெரிய தொட்டி போய், பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்னத் தொட்டிகள் முன்னால் வந்தன. ஜன்னல் பக்கவாட்டுக்குப் போனது. படியை அறுத்து எடுத்துவிட்டார்கள். எனக்கு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிற வேலை கொடுத்தார்கள். நன்றாகப் பிடித்தேன் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கியது தனிக் கதை. அங்கே இருந்தவரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். முதல் வரிசையில் காதர் பாய், அதே முகம். காலி அட்டைப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் வேனை வரைந்தேன். எங்கெங்கே எவ்வளவு கனம் வைத்தேன், ஏன் தூக்கிக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கேள்வி கேட்டார்கள். அதுவரைக்கும் என் வகுப்பில் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. அன்று சாப்பாட்டு மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

இப்போது அந்தச் சாலையில் மெட்ரோ ஓடுகிறது. காதர் பாய் மகளோடு துபாயில் இருக்கிறார். பெருநாளைக்குப் போன் செய்தால் முதலில் அக்கா எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பார். வேன் எட்டு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு அக்கா விம்கோ நகரில் ஒரு சின்னக் கடை பிடித்து உட்கார்ந்துவிட்டாள். வேனை எடுத்துப் போனவர் அதில் கரும்புச்சாறு விற்கிறார் என்று கேள்வி. எண்ணூர் பக்கம் மீன் வறுக்கிற வாசனை வந்தால் எனக்கு இன்னமும் அந்த மத்தியான வரிசை, சீவின தலைகள், மாம்பழ நிறப் புடவை எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடும். எவ்வளவு சின்ன வயது எல்லாருக்கும்.

எங்கள் வீட்டில் 'கிளச்சு' ஒரு தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது ஒன்றுக்கும் உதவாத காரியத்தை உயிரைக் கொடுத்துச் செய்தால் அதற்குப் பெயர் கிளச்சு மிதிப்பது. ஓட்டப் பந்தயத்தில் என் மகன் கடைசியாக வந்தபோது அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தின சேகர் கிளச்சு மிதித்தார். பரீட்சை அன்று நான் நாலு கோயிலுக்குப் போனதும் கிளச்சு.

போன வருடம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மணி நேரம் தியேட்டர் வாசலில் நின்றேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் உள்ளே ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம், கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நர்ஸ் இரண்டு தடவை வந்து உட்காரச் சொன்னாள். சேகரும் சொன்னார். முடியவில்லை.

சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. நான் நின்ற கதையைச் சேகர் அவள் காதில் ஓதினார். என் காலைப் பார்த்தாள், வீங்கியிருந்தது. கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோ நேரம் கிளச்ச மிதிச்சுகினா நின்ன?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அதான் வண்டி நவுரல," என்றாள்.